புதையாத தாலந்து

(நாட்டரசன்கோட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வந்திருப்பது எளிய செயலன்று. ஆரவாரத்தோடு தொடங்கப்பெற்ற அமைப்புகள் பல ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிடக் காண்கிறோம். வருவோர் தொகை கூடினும் குறையினும் மனம் தளராது, பாடுவோர்க்கு ஓர் அவையும் கேட்போர்க்கு ஒரு விருந்தும் அமைத்துத் தந்த பொறுப்பாளர்களை முதற்கண் பாராட்டுகிறேன்.

இவ்விழாவில் எனக்குத் தரப்பெற்ற பொருள், 'கிறித்தவ வாழ்வில் இறைவன் அருளிய ஆசையும் ஆற்றலும்' என்பதாகும். சமயப் பொருளை இலக்கிய அவையில் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பாடவேண்டும் என்று ஒருவர் உள்ளத்தே எழும் ஆசை எங்கிருந்து வருகிறது? அதனை வளர்ப்பதா, அடக்குவதா? இங்கே அமர்ந்துள்ள கவிஞர் ஒவ்வொருவரும் ஏதோ ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா இது. கிறித்தவ வாழ்வில் இவ்வினா சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. தன்னை மறுத்துச் சிலுவையைச் சுமந்து வருக என்பது அந்நெறியின் தலையாய கட்டளைகளுள் ஒன்று. தன்னையே மறுக்கச் சொல்லும் நெறியில் தன் ஆசைக்கு இடம் உண்டா? இவ்வினாவிற்கு விடை தேடுவதே என் உரையின் நோக்கம்.

பூனையும் பணியாளும்

கம்பநாடர் தம் இறுதிக் காலத்தை இவ்வூரில் கழித்து இங்கேயே அடங்கினார் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. காரைக்குடிக் கம்பன் கழகத்தைக் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் 1939ஆம் ஆண்டு தொடங்கியது முதல், பங்குனித் திங்களில் நிகழும் கம்பன் விழாவின் நிறைவு நாள் இவ்வூரிலேயே கொண்டாடப்பெற்று வருவதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். எனவே கம்பரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் இராம காதையைப் பாடிய அப்பெருங்கவிஞர், தம் அவையடக்கத்தில் தம்மை எதற்கு ஒப்பிடுகிறார்? பாற்கடலின் கரையில் நின்று, அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனைக்கு ஒப்பிடுகிறார். அவ்வாறு புகுந்ததற்குக் காரணம் யாது? கல்வியைக் காரணமாகக் காட்டவில்லை; கவித்திறத்தைக் காட்டவில்லை; புரவலர் வேண்டுகோளையும் அவ்விடத்தே காட்டவில்லை. ஆசை ஒன்றையே காட்டுகிறார். தமிழின் தலைசிறந்த காப்பியம் தன் பிறப்புக்குக் காரணமாக ஆசையை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. அதனை நாம் அடக்கம் என்று மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதனுள் ஒரு துணிவு இருப்பதை நோக்குதல் வேண்டும்.

இனி, விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் ஓர் உவமையைக் காண்போம். தலைவன் ஒருவன் வெளிநாடு செல்லுங்கால் தன் பணியாளர் மூவரிடம் பொருளை ஒப்படைக்கிறான். ஒருவனிடம் ஐந்து தாலந்து, ஒருவனிடம் இரண்டு, ஒருவனிடம் ஒன்று. முன்னிருவரும் அதனை வாணிகத்தில் இட்டு இரட்டிப்பாக்கினர். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்தான். தலைவன் திரும்பி வந்து கணக்குக் கேட்டபோது, அஞ்சியதனால் புதைத்தேன் என்றான்.

தாலந்து என்பது பழங்காலத்து நிறை அளவு. வெள்ளியால் எண்ணும்போது அஃது ஒரு பெருந்தொகை. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியத்திற்கு ஈடு என்பர். ஒரு தெனாரியம் அக்காலக் கூலியாள் ஒருவனின் ஒருநாட் கூலி. ஆகவே ஒற்றைத் தாலந்து பெற்றவன்கூட ஏறத்தாழ இருபது ஆண்டுக் கூலியைக் கையில் பெற்றவனே ஆவான். இவ்வுவமையின் செல்வாக்கால், பணத்தைக் குறித்த அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் திறமையைக் குறிக்கும் சொல்லாயிற்று. நம் திருச்சபைகளிலும் பாட்டுப் போட்டியையும் பேச்சுப் போட்டியையும் 'தாலந்துப் போட்டி' என்றே வழங்குகிறோம்.

இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்குங்கள். கம்பரின் பூனையும் தன் சிறுமையை அறிந்தது. உவமையின் பணியாளும் தன் சிறுமையை அறிந்தான். சிறுமை உணர்வில் இருவரும் ஒப்பர். ஆயினும் ஒன்று ஆசையால் கடலை அணுகியது. மற்றவன் அச்சத்தால் மண்ணைத் தோண்டினான். நமக்குக் கிடைத்த கொடை அரும்புவதும் அவிவதும், அது பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று. ஆசை வெல்கிறதா, அச்சம் வெல்கிறதா என்பதைப் பொறுத்தது. இக்கருத்திற்கு வாழும் சான்றாக விளங்கியவர், 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றப்பெறும் எச். ஏ. கிருட்டிண பிள்ளை ஆவார்.

விட்டவையும் விடாததும்

கிருட்டிண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பராமாயணம் முழங்கிய இல்லம் அது. தமிழ் இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்ற அவர், 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தார். பிறருக்குத் தமிழ் கற்பிக்கச் சென்ற இடத்தில், தாம் எதிர்பாராத வேறொன்றை அவர் கற்க நேர்ந்தது. 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று, என்றி ஆல்பிரடு கிருட்டிண பிள்ளை ஆனார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்று நிறையவில்லை.

அக்காலத்தில் மதம் மாறுதல் என்பது எத்துணை இழப்புகளைக் கொண்டது என்பதை இன்று நாம் எளிதில் உணர்ந்துகொள்ள இயலாது. பிறந்த குலத்தார் நடுவே இருந்த இடம் போயிற்று. இளமையிலிருந்து கைக்கொண்ட வழிபாடு போயிற்று. இத்தனையும் விட்டவர், கம்பரிடம் கற்ற கவியின்பத்தையும் விட்டிருக்கலாம். அதுவும் பழைய வாழ்வின் பகுதியே என்று கருதி ஒதுக்கியிருக்கலாம். கம்பரின் பாட்டு இராமனைப் பாடிய பாட்டு. இனி எனக்கு அஃது எதற்கு என்று ஏட்டைக் கட்டி வைத்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அவரைப் பலர் உறுதி மிக்க பத்தர் என்றும் புகழ்ந்திருப்பர்.

அவர் அவ்வாறு செய்யவில்லை. வழிபடு தெய்வம் மாறிற்று. பாடும் நா மாறவில்லை. சான் பன்யன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதை, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் உரைநடையாக முன்பே வழங்கி வந்தது. சமயக் கருத்தைப் பரப்புவதே நோக்கமாயின் அந்த உரைநடை போதும். ஆயினும் கிருட்டிண பிள்ளையின் உள்ளத்தே காப்பிய ஆசை கனன்றுகொண்டிருந்தது. கம்பரின் விருத்த நடையிலேயே அக்கதையைப் பெருங்காப்பியமாக்கினார். ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்கள். மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். கிறித்துவின் பாடுகளைப் பன்யனினும் விரிவாக உருக்கமுறப் பாடினார். காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே பத்திப் பாடல்களை அமைத்தார். சைவம் வளர்த்த பாவகையின் பெயர், வைணவக் குடியில் பிறந்தவர் பாடிய கிறித்தவக் காப்பியத்தில் இடம்பெற்றது. தமிழ் அவருக்கு வேற்றுப் பொருளாகத் தோன்றவே இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் அக்காப்பியம், பகுதி பகுதியாக இதழில் வெளிவந்து, 1894ஆம் ஆண்டு நூலாயிற்று. திருமுழுக்குப் பெற்று முப்பத்தாறு ஆண்டுகள் சென்றபின், அறுபத்தேழாம் அகவையில், அவர் தம் காப்பியத்தை நூலாகக் கண்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் தமிழாசிரியர், குடும்பத் தலைவர், நாள்தோறும் பாடம் நடத்தியவர். அவர் 1900ஆம் ஆண்டு மறைந்தார். காப்பியம் நூலாகி ஆறாண்டுகளே அவர் வாழ்ந்தார்.

அவருக்கு முன்பும் தம் ஆற்றலை இறைவனிடம் ஒப்புவித்துத் தமிழில் பாடியோர் உளர். இத்தாலி நாட்டிலிருந்து வந்து, தமிழை முயன்று கற்று, 3615 பாடல்களில் சூசையப்பர் வரலாற்றைத் 'தேம்பாவணி'யாக்கிய வீரமாமுனிவரும், தஞ்சையில் 'பெத்தலேகம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாத்திரியாரும் உங்கள் நினைவிற்கு வருவர். எனினும் கம்பரையே ஆசானாகக் கொண்டு, அவ்வாசானின் தெய்வத்தை விட்டும் ஆசானை விடாதிருந்த கிருட்டிண பிள்ளையின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. நம் வினாவிற்கு அவரே நேரான விடை.

ஒப்புக்கொடுத்தலும் புதைத்தலும்

கிறித்தவ மரபில் 'ஒப்புக்கொடுத்தல்' என்றொரு சொல் உண்டு. தன்னை, தன் உடைமையை, தன் விருப்பத்தை இறைவன் திருமுன் வைத்துவிடுதல் என்பது அதன் பொருள். இந்தச் சொல்லைப் புதைத்தல் என்னும் சொல்லோடு பலர் மயங்கிக் கொள்கின்றனர். ஆசையை இறைவனிடம் ஒப்புக்கொடுத்தால் அஃது அழிந்துபோகவேண்டும் என்று எண்ணுகின்றனர். இறைவன் கையில் வைத்த பொருள் அழிவதற்கு வைத்ததன்று. அவர் விரும்பும் வண்ணம் பயன்படுவதற்கு வைத்தது.

இம்மயக்கத்திற்கு ஆட்பட்டு மீண்ட ஒரு பெருங்கவிஞரை ஆங்கில இலக்கியத்தில் காண்கிறோம். செரார்டு மேன்லி ஆப்கின்சு என்பவர் கிருட்டிண பிள்ளையின் காலத்தவர். இயேசு சபையில் துறவியாகச் சேர முடிவு செய்தபோது, கவிதை தம் அழைத்தலுக்கு இடையூறாகும் என்று கருதி, 1868இல் தம் பாடல்களை எரித்தார். ஏறத்தாழ ஏழாண்டுகள் குறிப்பிடத்தக்க பாடல் ஏதும் பாடாது இருந்தார். 1875 திசம்பரில் 'டாயிச்லாண்டு' என்னும் கப்பல் ஆங்கிலக் கடற்கரையருகே சிதைந்தது. அதில் இறந்தோருள் கன்னியர் ஐவரும் இருந்தனர். அச்செய்தியால் நெஞ்சுருகிய ஆப்கின்சிடம், இதனைக் குறித்து யாரேனும் ஒரு பாட்டு எழுதினால் நன்று என்று அவர்தம் தலைவர் கூறினார். அவ்வொரு சொல் போதுமானதாயிற்று. அடைபட்டிருந்த ஊற்று உடைத்துப் பெருகியது. புதிய சந்தத்தில் அவர் பாடிய அந்நெடும்பாட்டு இன்று ஆங்கிலக் கவிதையின் அரிய செல்வங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1889இல் அவர் மறைந்தார். அவர்தம் பாடல்கள் தொகுக்கப்பெற்று நூலானது 1918இல்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. எரிக்குமாறு எந்தத் தலைவரும் அவருக்கு ஆணையிடவில்லை. தாமே தம்மீது அத்தடையை விதித்துக்கொண்டார். பாடுமாறு தூண்டிய சொல்தான் அவர் சேர்ந்த சபையின் தலைவரிடமிருந்து வந்தது. சமயம் தடுத்தது என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில், உண்மையில் தடுத்தது நம் அச்சமே என்பதை இதனால் உணரலாம்.

விவிலியத்தின் யாத்திராகமம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. பாலைநிலத்தில் இறைவனுக்குத் திருக்கூடாரம் அமைக்கவேண்டிய வேளையில், பெசலெயேல் என்னும் கைவினைஞன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் திறனுக்காக அவன் இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டான் என்கிறது அந்நூல். ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே சொல்லப்பட்டவன் குருவும் அல்லன், போர்த்தலைவனும் அல்லன். உளியும் சுத்தியலும் பிடித்த தொழிலாளி. நம் சிவகங்கைச் சீமையின் இடைக்காட்டூரில், 1894இல் எழுந்த திரு இருதய ஆலயத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் ஒத்துக்கொள்வர். பிரான்சு நாட்டு ரீம்சுப் பேராலயத்தை நினைவூட்டும் அவ்வாலயத்தில், அச்சில் வார்த்துச் சுட்ட மண்ணே சித்திரமாய் நிற்கிறது. அம்மண்ணைக் குழைத்த கைகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவையும் வழிபாடே செய்தன.

எந்த ஆசை?

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எழும் ஆசை யாவும் இறைவன் தந்தனவோ? அவ்வாறு கொள்வதற்கில்லை. வள்ளுவர் 'அவாவறுத்தல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவரே 'ஊக்கமுடைமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் ஒருவரே கூறினார் என்பதை மறத்தலாகாது. அறுக்கவேண்டிய அவாவும் உண்டு. வளர்க்கவேண்டிய வேட்கையும் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று தழுவிய கொடிகளாய் வளர்வதனால் பிரித்தறிதல் அரிதாகிறது. கவிஞர்க்கு இஃது இன்னும் அரிது. பாட்டின்மேல் கொண்ட ஆசையும் பாராட்டின்மேல் கொண்ட ஆசையும் ஒரே குரலில் பேசும்.

அவற்றைப் பிரித்தறிய மூன்று அடையாளங்களை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் கூற விழைகிறேன்.

முதலாவது, காலம். புகழாசை காத்திருக்காது, இந்தத் திங்களே அச்சில் வரவேண்டும் என்று துடிக்கும். இறைவன் இட்ட வேட்கையோ முப்பத்தாறு ஆண்டுகள் ஆயினும் அவியாது. 

இரண்டாவது, உழைப்பு. மெய்யான வேட்கை தன் கருவியைக் கூர்மைப்படுத்த அஞ்சாது. கிருட்டிண பிள்ளை யாப்பைப் பழுதறக் கற்றவர். வீரமாமுனிவர் அயல்மொழியாளராய் வந்து தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கியவர். 'எனக்கு ஆவி அருளியது. ஆதலின் திருத்த வேண்டியதில்லை' என்பவரை நான் ஐயத்தோடுதான் நோக்குவேன்.

மூன்றாவது, மகிழ்ச்சி. தன்னினும் சிறப்பாகப் பிறர் ஒருவர் பாடக் கேட்கும்போது உள்ளம் மலர்கிறதா, சுருங்குகிறதா? மலருமாயின் அது பாட்டின்மேல் கொண்ட ஆசை. சுருங்குமாயின் அது நம்மீதே நாம் கொண்ட ஆசை. இம்மூன்றாவது அடையாளம் மிகக் கடுமையானது. இதில் எப்போதும் தேறுவோர் எவரும் இலர். ஆயினும் அடிக்கடி நம்மை நாமே இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பது நலம் பயக்கும்.

தன்னை மறுத்தல் என்பதன் பொருளும் இப்போது விளங்கும். மறுக்க வேண்டியது இரண்டாவது கொடியை, முதலாவதையன்று. களை எடுக்கப் புகுந்தவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு, வயல் தூய்மையாயிற்று என்று மகிழ்வானாயின், அறுவடைக் காலத்தில் நிலத்தின் உரிமையாளனுக்கு என்ன விடை கூறுவான்?

மகளிர் கைத்தாலந்து

இத்தனை பெயர்களைக் கூறி வந்தேன். அத்தனையும் ஆடவர் பெயர்களாகவே அமைந்துவிட்டன. இது தற்செயல் அன்று. தாலந்தைப் புதைக்கும் பணி, நம் சமூகத்தில் மகளிர்க்கே மிகுதியாக விதிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் அன்போடும், அறிவுரையோடும், பல வேளைகளில் இறைவன் பெயராலும் விதிக்கப்படுகிறது.

என் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, பாடக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் கவிதை எழுதுவாள். நல்ல சொல்லாட்சி, எவரையும் பின்பற்றாத பார்வை. திருமணத்திற்குப் பின் ஒருநாள் என்னைக் காண வந்தபோது, எழுதுகிறாயா அம்மா என்று கேட்டேன். 'அது உலகத்துக்குரியது, அம்மா. செபத்திற்குச் செலவிடவேண்டிய நேரத்தை அதில் செலவிடலாகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், விட்டுவிட்டேன்' என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் துறந்தவளின் தெளிவைக் காணவில்லை. இழந்தவளின் சோர்வையே கண்டேன். அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆசிரியை அறியாதிருக்க முடியாது. நீ பாடிய பாட்டும் செபமாகலாம் என்று அவளிடம் கூறினேன். பெரியவர்களுக்கும் அதைக் கூறவேண்டும் என்பதற்காகவே இம்மேடையிலும் கூறுகிறேன்.

நான் முன்னர்க் குறித்த திருக்கூடாரப் பணியில், நூல் நூற்ற மகளிரைப் பற்றிய செய்தியும் யாத்திராகமத்தில் வருகிறது. ஞான இருதயமுள்ள பெண்கள் தம் கைகளால் நூற்றுக் கொண்டுவந்தனர் என்கிறது அந்நூல். உள்ளத்தே எழுச்சி பெற்றுச் செய்தனர் என்பதையும் அது குறிப்பிடத் தவறவில்லை. நூற்பு என்னும் வீட்டு வேலையை 'ஞானம்' என்னும் சொல்லால் மதித்த பழநூல் அது. நூற்ற கைக்கு ஞானம் உண்டென்றால், எழுதும் கைக்கு இல்லையோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதன் வரலாறு ஈண்டு நினையத்தக்கது. 1862இல் அகமதுநகரில் மராத்தியக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவ்வம்மையாருக்கு மருத்துவராகிப் பெண்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது பேராசை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் இடம் தராமையால் படிப்பை நிறுத்த நேர்ந்தது. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. அவ்வாற்றல் எழுத்தாய் வழி கண்டது. 'சகுணா', 'கமலா' என்னும் இரு புதினங்களை ஆங்கிலத்தில் எழுதினார். 1894இல் மறையும்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டே. விரும்பிய வடிவிலேயே எல்லா ஆசையும் நிறைவேறும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஒரு வாயில் அடைபட்டபோது அவர் தம் தாலந்தை அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பவில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஆடவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதனை அறிந்திருந்தார். முனிசீப்பாக நீதி வழங்கியவர். தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவர். கத்தோலிக்கராய் இருந்தும் சமய வேறுபாடின்றிச் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர். அவரே பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றினார். தம் தாலந்தைக் கொண்டு பிறர் தாலந்தைத் தோண்டி வெளிக்கொணர முயன்றவர் என்று அவரைப் போற்றலாம்.

இரண்டு தாலந்துக்காரர்

இறுதியாக, இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு சொல். தாலந்து உவமையை விளக்குவோர் ஐந்து பெற்றவனையும் ஒன்று பெற்றவனையும் குறித்தே மிகுதியாகப் பேசுவர். நடுவில் நிற்கும் இரண்டு தாலந்துக்காரனை எவரும் நினைப்பதில்லை. நம்முள் பெரும்பாலோர் அவனே.

ஐந்து தாலந்து பெற்றோரும் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அத்தகையவர். 1859இல் தென்காசிப் பகுதியின் சாம்பவர்வடகரையில் பிறந்து, ஆசிரியராய்த் தொடங்கி, சித்த மருத்துவராய்ப் புகழ் பெற்று, மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாய்வில் செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை நிறுவ, தம் புதல்வியரையே பாடிக் காட்டச் செய்தார். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். கிறித்தவக் கீர்த்தனைகளைப் பாடிய அவரே, சிலப்பதிகாரத்திலிருந்து தமிழிசையின் வேர்களைத் தேடி எடுத்தார். இரண்டையும் ஒரே இறைத்தொண்டாக அவரால் செய்ய முடிந்தது.

இத்தகையோரைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கும்போது, நாம் எதற்கு எழுதவேண்டும் என்னும் சோர்வு எழுகிறது. அப்போது உவமையை மீண்டும் ஒருமுறை கூர்ந்து படியுங்கள். ஐந்தைப் பத்தாக்கியவனுக்குத் தலைவன் கூறிய பாராட்டும், இரண்டை நான்காக்கியவனுக்குக் கூறிய பாராட்டும் சொல் மாறாமல் ஒன்றே. பத்துக்கும் நான்கிற்கும் உள்ள வேறுபாட்டைத் தலைவன் பொருட்படுத்தவே இல்லை. உண்மையாய் இருந்தாயா என்ற ஒன்றையே பொருட்படுத்தினான். கம்பர் போலப் பாடினாயா என்று நம்மை எவரும் கேட்கப்போவதில்லை. உனக்குத் தந்ததைப் பாடினாயா என்பதே கேள்வியாக இருக்கும்.

ஆதலின், அடுத்த பத்தாண்டிற்கென மூன்று வேண்டுகோள்களை இவ்வட்டத்தின்முன் வைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முதன்முறையாக மேடையேறும் ஒருவருக்கேனும் இடம் ஒதுக்குங்கள். மகளிர் வந்து செல்ல ஏற்ற பிற்பகற் பொழுதில் சில கூட்டங்களையேனும் அமையுங்கள். மாலை விளக்கேற்றும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கவிஞர் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. கம்பரைப் பயிலும் இவ்வூரில், கம்பரை ஆசானாகக் கொண்ட 'இரட்சணிய யாத்திரிக'த்தையும் ஓராண்டு தொடர்ந்து பயிலுங்கள். பெயரளவில் போற்றப்பட்டு, படிப்பாரின்றி அடுக்கில் உறங்கும் அக்காப்பியமும் ஒருவகையில் புதையுண்ட தாலந்தே. அதனைத் தோண்டி எடுக்கக் கம்பர் அடங்கிய ஊரினும் தகுந்த இடம் வேறில்லை.

கிறித்தவ அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். உங்கள் இல்லத்திலோ திருச்சபையிலோ ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ பாட்டையும் எழுத்தையும் நாடினால், அது உலக ஆசை என்று உடனே தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். காலத்தாலும் உழைப்பாலும் மகிழ்ச்சியாலும் சோதித்துப் பாருங்கள். சோதனையில் நிற்குமாயின், அதனைத் தந்தவர் யார் என்பதை நினைந்து, வழி விடுங்கள்.

இவ்வூரில் பிறக்கும் குழந்தையின் நாவில், கம்பர் அடங்கிய இடத்து மண்ணைச் சிறிது இடும் வழக்கம் உண்டென்பர். அம்மண் நாவிற்கு வருவது பேச்சை அடைப்பதற்கன்று, பாட்டைத் திறப்பதற்கே. அந்நம்பிக்கை உடைய ஊரில் எவருடைய தாலந்தும் மண்ணுக்குள் கிடக்கலாகாது.